பனிமலைக்கு முன் படிக்கட்டு

தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், குளிர்கால விடுமுறை என்றால் முன்னாளில் ஒரே பொருள்தான். ரயிலேறி ஊருக்குப் போவது, பொங்கல் முடிந்து திரும்புவது. இன்று நம் பிள்ளைகள் வடக்கே பார்க்கிறார்கள். குல்மார்க், அவுலி, சோலாங் என்னும் பெயர்கள் அவர்கள் வாயில் சரளமாக வருகின்றன. இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, பனிச்சரிவில் பக்கவாட்டாக நின்றபடி வழுக்கி இறங்கும் ஸ்னோபோர்டு விளையாட்டு அவர்களை மிகவும் கவர்ந்திருக்கிறது. அதனைப் பனிப்பலகை என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். பெற்றோர்க்கு இதில் அச்சம் உண்டு. அவ்வச்சம் வீணன்று என்பதை எங்கள் வீட்டு அனுபவமே காட்டிற்று. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நாங்கள் தவறாகக் கணித்திருந்தோம். அது மலையுச்சியில் இருக்கிறது என்று எண்ணினோம். உண்மையில், மலைக்குப் போகுமுன் டில்லியில் நாங்கள் வீணே கழித்த மூன்று மாதங்களில்தான் அது இருந்தது.

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் மகனும் மகளும் குல்மார்க் சென்றனர். துணைக்கு நாங்களும் சென்றிருந்தோம். மகன் கல்லூரி மாணவன், கால்பந்து ஆடுபவன், நாள்தோறும் பூங்காவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓடுபவன். மகள் அப்போது பள்ளியில் பதினோராம் வகுப்பு. ஏழு வயது முதல் பரதம் பயில்கிறாள். ஓட்டம் என்றால் ஓடி ஒளிவாள். ஆகவே அவனைப்பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை, இவளைப்பற்றித்தான் கவலை. நடந்ததோ வேறு. இரண்டாம் நாள் காலையில் மகன் விடுதியின் படிகளில் இறங்க மாட்டாமல், கிழவனைப்போல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான். தொடை இரண்டும் மரக்கட்டையாயிருந்தன. மகள் அவனைத் தாண்டிக் குதித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், "இன்னும் ஒரே ஒரு முறை, அப்பா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான். பலகையின் விளிம்பு பனியில் மாட்டிற்று. முன்புறமாக விழுந்தவன், விழும் எவனும் செய்வதுபோல் கையை நீட்டித் தரையில் ஊன்றினான். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. அதன்பின் விரல்கள் பழையபடி மடங்கி நிமிரப் பல வாரங்கள் ஆயின. அவன் ஒன்பது ஆண்டுகளாக மிருதங்கம் பயில்பவன் என்பதைச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் அன்று விழுந்த இடி எத்தகையது என்பது விளங்கும். அவ்வாண்டு மார்ச்சு மாதம் அரங்கேற்றம் என்று நாள் குறித்திருந்தோம். மீண்டும் வலந்தலையில் நம்பிக்கையோடு விரல் வைக்க மே மாதம் பிறக்க வேண்டியிருந்தது. பலகையும் காலணியும் வாடகைக்குக் கொடுத்த கடையில் முதல் நாளே மணிக்கட்டுக் காப்பு உண்டா என்று கேட்டோம். "அதையெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை" என்று விடை வந்தது. நாங்களும் அத்துடன் விட்டுவிட்டோம். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

திரும்பி வந்தபின் எலும்பு மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். நாள்தோறும் ஓடுகிறவன் சோர்ந்துபோக, ஓடாதவள் சோராமலிருந்தது எப்படி? அவர் மேசைமீதிருந்த தடித்த புத்தகமொன்றைக் கையில் எடுத்து, மெல்ல உயர்த்தி, பிறகு அதனினும் மெல்லக் கீழிறக்கிக் காட்டினார். உயர்த்தும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கும்போதும் அதே தசைதான் வேலை செய்கிறது. ஆனால் பாரத்தைத் தாங்கியவாறே நீண்டுகொடுக்கிறது, கிணற்றில் குடத்தை இறக்குபவர் கயிற்றை விட்டும் விடாமலும் பிடிப்பதுபோல. சமதரையில் ஓடுவது பெரும்பாலும் மூச்சையும் நெஞ்சையும் பழக்குகிறது. சரிவில் இறங்கும் விளையாட்டோ தொடைத் தசையைக் கணந்தோறும் தடைக்கட்டையாக்குகிறது. அவ்வேலைக்குப் பழகாத தசை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கடுமையாக நோகும்; வலுவும் சில நாள் குன்றியிருக்கும். வலுக் குன்றிய காலில் மூன்றாம் நாள் பலகையைப் பூட்டிக்கொண்டு போனால், மூளை இடும் கட்டளையைக் கால் அரைக்கணம் பிந்தித்தான் நிறைவேற்றும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒருமுறை இவ்வாறு நொந்து தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி செய்யும்போது முன்போல் நோவதில்லை. தசை நூலோர் பலமுறை சோதித்துக் கண்ட உண்மை இது. அந்த முதல் நோவை மலையில் படுவதைவிட வீட்டிலேயே பட்டுத் தீர்த்துக்கொள்வது நலமன்றோ?

மகள் தப்பியதற்குக் காரணம் அரைமண்டி என்பது எங்கள் ஊகம். பனிப்பலகையில் புதிதாக ஏறுபவர் முதலிரு நாட்களும் பெரும்பாலும் குதிகால் விளிம்பிலேயே நிற்கிறார். கால்விரல்களைச் சற்றே மேலே தூக்கி, பாரத்தைக் குதிகாலில் இருத்தி, முழங்காலை மடக்கி அரை அமர்வில் நின்றபடி, காற்றில் அசையும் இலைபோல் இடமும் வலமுமாக நழுவி இறங்க வேண்டும். பாதங்கள் சற்றே வெளிநோக்கித் திரும்பியிருக்கும். பத்தாண்டுகளாக ஆசிரியையின் தட்டுக்கழி ஓசைக்கு அரைமண்டியில் நின்று பழகியவளுக்கு அது புதிய நிலையாகத் தோன்றவில்லை. ஆனால் மறு விளிம்புக்கு, அதாவது முன்கால் விரல்களின் பக்கத்துக்குத் திரும்பியபோது அவளுக்கும் ஆடுசதை பிடித்துக்கொண்டது. நடனம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதில்லை.

இவ்விளையாட்டு மிகப் பழையதுமன்று. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இது. 1998இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது.

அதே நாகானோவில்தான் மணாலியில் பிறந்து வளர்ந்த சிவ கேசவன் பதினாறு வயதில் நம் நாட்டின் சார்பில் களமிறங்கினார். அவர் தந்தையார் கேரளத்துத் தலைச்சேரியைச் சேர்ந்தவர். கேசவனுடைய விளையாட்டு பனிப்பலகை அன்று. பனிக்கட்டிப் பாதையில் மல்லாந்து படுத்துப் பாயும் லூஜ் என்னும் சறுக்குவண்டி. அதற்குரிய செயற்கைப் பாதை நம் நாட்டில் இல்லை. என் செய்தார்? வண்டிக்கு உருளைகளைப் பூட்டி, இமயமலைத் தார்ச்சாலைகளில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே பாய்ந்து பழகினார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். பனியில்லாத இடத்தில் பனி விளையாட்டுக்கு எப்படிப் பயில்வது என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லலாம். சாலையில் அவர் பாய்ந்ததை மட்டும் வீட்டுப்பிள்ளைகள் பின்பற்ற வேண்டா.

அடுத்த முறை போவதானால் ஆயத்தமின்றிப் போவதில்லை என்று முடிவு செய்தோம். 2024 அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கினோம். பன்னிரண்டு வாரம் கையிலிருந்தது. எட்டு வாரமாவது இருந்தால் நல்லது. பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்டலாமா என்று மகன் கேட்டான். கட்டுபவர் கட்டலாம். எங்கள் வீடோ எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. வேண்டிய கருவி வாசலிலேயே இருந்தது. லிஃப்டில் எட்டாம் மாடிக்கு ஏறுவது, படிக்கட்டில் இறங்குவது. அவ்வளவே. இறங்குவதிலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு படியிலும் மேல்படியில் நிற்கும் காலின் முழங்காலை மெல்ல மடக்கி, இரண்டு எண்ணும் நேரம் எடுத்து, மறுகாலின் பாதத்தை ஓசையின்றிக் கீழ்ப்படியில் வைக்க வேண்டும். தடதடவென்று ஓடி இறங்கினால் பயனில்லை; முழங்காலுக்கும் கேடு. முதல் வாரம் நாளுக்கு மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாம் நாளே மகனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. குல்மார்க்கில் பிடித்த அதே இடம். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவன் தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான்காம் வாரத்திலிருந்து பக்கவாட்டாக இறங்கினர். ஒருமுறை இடத்தோள் முன்னாக, மறுமுறை வலத்தோள் முன்னாக. பலகையில் ஒருவர்க்குப் பெரும்பாலும் ஒரே கால்தான் முன்னிற்கும். அதனால் இருபுறத் தசைகளும் ஏற்றத்தாழ்வாக உழைக்கின்றன. அதைச் சரிக்கட்டுவதற்கு விடுமுறைக்கு முந்திய காலமே தக்கது. ஏழாம் வாரத்தில் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு எட்டு முறை இறங்கினர். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாயி சாஹப், உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் லிஃப்ட் கீழே இறங்குவதில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

மற்றப் பயிற்சிகளுக்கும் புதிய பெயர் தேட வேண்டியதில்லை. நம் தாத்தாமார் பஸ்கி என்றும் தண்டால் என்றும் எடுத்தவையே போதும். பிள்ளையார்முன் போடும் தோப்புக்கரணத்தை, உட்காரும்போது நான்கு எண்ணிக்கையும் எழும்போது ஓர் எண்ணிக்கையுமாகப் போட்டால், பனிச்சரிவுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி அரிது. பத்துப் பத்தாக மூன்று தடவை போட்டனர். நம் சிறுமியர் கட்டம் கீறி ஆடும் நொண்டியாட்டமும் வீணன்று. ஒற்றைக்காலில் தாவி, முழங்கால் உள்நோக்கிச் சாயாமல், மடங்கி அமர்ந்து இறங்கப் பழக வேண்டும். தரை அதிர்ந்தால் தவறு. ஓசை கேட்கவில்லையானால் சரி. கீழ்வீட்டாரும் நம்மை வாழ்த்துவர்.

எழுந்திருப்பதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதை முன்கூட்டி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புதிதாகப் பயில்பவர் சறுக்கும் நேரத்தைவிட விழுந்து எழும் நேரமே மிகுதி. முதல் நாள் தான் எத்தனை முறை விழுந்தாள் என்று மகள் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள். இரு கால்களும் பலகையில் பூட்டியிருக்க, பனியில் அமர்ந்த நிலையிலிருந்து எழும்ப வேண்டும். வயிற்றுத் தசையும் இடுப்பும் கையும் ஒருங்கே வேலை செய்தாலன்றி அது நடவாது. நாற்பதாம் முறை எழும்போது உடல் களைத்துவிடுகிறது. அடுத்த வீழ்ச்சி தானே வருகிறது. நம் முன்னோர் நாளுக்கு இருபது முறை தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கையூன்றாமல் எழுந்தனர். நாம் மேசை நாற்காலி வாங்கியபின் அப்பழக்கம் போயிற்று. அக்டோபர் முதல் எங்கள் வீட்டில் இரவு உணவு தரையில்தான். இலை முன் அமரும்போதும் எழும்போதும் கையூன்றலாகாது என்பது விதி. கட்டுரையாளர்க்கும் அவ்விதி பொருந்தும் என்று பிள்ளைகள் தீர்ப்பளித்தனர். முதல் வாரம் நாங்கள் சுவரைப் பிடித்தே எழுந்தோம்.

நிலைபிறழாமல் நிற்கும் திறன் தனிப்பயிற்சியால் வளர்வது. காலையில் பல்துலக்கும் நேரமெல்லாம் ஒற்றைக்காலில் நிற்பது; அது எளிதானபின் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. உருளைக்கட்டைமீது பலகையை வைத்து ஏறி நிற்பதும் உண்டு; சுவரோரமாகவும், ஒருவர் துணை நிற்கவும் செய்ய வேண்டும். நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நீண்ட ஓட்டத்தைவிட விட்டுவிட்டுச் செய்யும் முயற்சியே ஏற்றது. சரிவில் ஓரிரு நிமிடம் கடும் உழைப்பு, பிறகு மேலே ஏறும்வரை ஓய்வு என்பதுதானே அங்கே நடப்பது? ஆகவே ஒரு நிமிடம் வேகமாகக் கயிறு தாண்டி, இரண்டு நிமிடம் ஓய்ந்து, ஆறேழு முறை செய்தனர். இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். பனிக்கு ஆயத்தமாக வேண்டிய நவம்பர், டிசம்பர் மாதங்கள்தாம் டில்லியில் காற்று மிகக் கெட்டுப்போகும் மாதங்கள் என்பதை நம்மவர் எவர்க்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. புகைமூட்டத்தில் வெளியே ஓடி உடலை வளர்ப்பதாக எண்ணுவது பேதைமை.

இனி, விழும் கலை. பனிப்பலகையில் புதியவர்க்கு மிகுதியாக நேரும் காயம் மணிக்கட்டுக் காயமே. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த சோதனைகள், காப்பு அணிந்தோர்க்கு அக்காயம் தெளிவாகக் குறைவதைக் காட்டியுள்ளன. காப்பு ஜோடி ஒன்று, நாம் ஒரு வேளை குடும்பத்தோடு ஓட்டலில் உண்ணும் செலவுக்குள் அடங்கும். அதை வாடகைக் கடையில் தேடாமல் ஊரிலேயே வாங்கிக்கொண்டு செல்ல வேண்டும். தலைக்கவசமும் இன்றியமையாதது. இவற்றோடு உடலுக்கும் பழக்கம் வேண்டும். முன்னே விழும்போது உள்ளங்கையை விரிக்காமல், முட்டியை மூடி, முன்கையிரண்டும் ஒருங்கே தரையில் படுமாறு விழ வேண்டும். பின்னே விழும்போது முதலில் குந்தி, முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து உருள வேண்டும். கையைப் பின்னே ஊன்றலாகாது. சொல்வது எளிது. விழும் கணத்தில் கை தானே நீள்கிறது. ஆகையால் எங்கள் கூடத்தில் பஞ்சு மெத்தை இரண்டைப் பரப்பி, வாரத்துக்கு மூன்று நாள், முழங்காலில் நின்றும் பிறகு நின்ற நிலையிலிருந்தும் விழுந்து விழுந்து பழகினர். மிருதங்க வாத்தியார் ஒருநாள் பாடத்துக்கு வந்தபோது இக்காட்சியைக் கண்டு திகைத்து நின்றார். காப்பை வாங்கித் தம் கையில் மாட்டிப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சோதித்துவிட்டு, "இதோடு போவதானால் போகட்டும்" என்றார். வீட்டில் அதுவரை ஒப்புதல் கிடைக்காதிருந்த இடத்திலும் அதன்பிறகே ஒப்புதல் கிடைத்தது.

கணுக்காலைப்பற்றியும் ஒரு வார்த்தை. பலகையில் விழுந்தபின் கணுக்காலின் வெளிப்புறத்தில் வலி இருந்தால், வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தடவி விட்டுவிடலாகாது. அங்குள்ள சிறிய எலும்பொன்று முறிவது இவ்விளையாட்டில் அடிக்கடி காண்பது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது தெரியாமலும் போகலாம். மருத்துவரிடம் பனிப்பலகையில் விழுந்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியால் வெல்ல முடியாதது ஒன்றும் உண்டு, அது உயரம். குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவடப் பெட்டியின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் 3,700 மீட்டருக்கும் மேலே போய்விடுகிறோம். சுமார் 2,500 மீட்டரைக் கடந்தால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை சிலர்க்கு வரும். உடல் உரமுள்ளவர்க்கு அது வராது என்பது பிழையான எண்ணம், பயில்வானுக்கும் வரும். முதல் நாளை ஓய்வுக்கும் மெல்ல நடப்பதற்கும் விட்டுவிடுவதே வழி. நாற்பதைக் கடந்தவரும், இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவரும் பயிற்சி தொடங்குமுன்பே மருத்துவரைக் கண்டுவிட வேண்டும்.

ஆறு நாள் பயணத்தில் ஒரு நாளை ஓய்வுக்கு விடுவதா என்று சிலர் கேட்கலாம். பனி நாட்களே அருகிவரும் காலம் இது. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தள்ளிப் போயின. 2025 பிப்ரவரியிலும் பனிக்குறைவால் அவை ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. கிடைக்கும் சில நாட்களைத் தொடை நோவோடு விடுதி அறையில் கழிப்பதைவிட, ஒரு நாளை அறிந்தே விடுவது குறைந்த நட்டம்.

2025 ஜனவரியில் மீண்டும் சென்றோம். பயணத்துக்கு முந்திய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுத்திருந்தனர். மகன் விழாமலில்லை, முன்னைவிட மிகுதியாகவே விழுந்தான், ஏனெனில் முன்னைவிட மிகுதியாகச் சறுக்கினான். இரண்டாம் நாள் காலை விடுதிப் படிகளில் இறங்குகிறானா என்று அவன் தாய் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றே முனகினான், ஆனால் கைப்பிடியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேலே இன்னொரு முறை போய்வர நேரம் இருந்தது. அவனே பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "கால் கொஞ்சம் பிந்துகிறது, அப்பா. இன்றைக்குப் போதும்" என்றான். நால்வரும் காஷ்மீரத்துக் காவா அருந்தினோம். காப்பைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, அந்தப் பலகை மேசையிலேயே அவன் ஆதி தாளத்தில் ஒரு கோர்வையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.